அக்காவின் நாலு கட்டை

பாட்டின் கடைசி வரி வரும்போது பார்த்து யாராவது ஸ்பூனைக் கீழே போடுவார்கள். இது அவளுடைய நெடுநாள் புகார். ஸ்பூன் விழாத நாளில் குழந்தை அழும். குழந்தை அழாத நாளில் சமையலறைக் கதவு அடித்துக்கொள்ளும். அந்த ஹோட்டலின் உணவுக்கூடத்தில், தூணுக்கும் பழச்சாறு வைக்கும் மேசைக்கும் நடுவே, ஒரு முழம் உயர மேடையில் நின்று அவள் மாலைதோறும் பாடிக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்த விளம்பரப் பலகையில் அவள் பெயர் ‘வெல்வெட்’. அந்தப் பெயரை வைத்த மேனேஜர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். பெயர் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. வாத்தியக்காரர்களுக்கு அவள் ‘அக்கா’. பியானோ வாசித்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் கூப்பிடுவதைப் பார்த்து எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். டபுள் பேஸ் என்ற ஆளுயர நரம்பு வாத்தியம் வாசித்த நெட்டை மனிதரை மட்டும் அவள் ‘ஒட்டகம்’ என்பாள். அவர் அவளைவிட மூத்தவர். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல் காட்டுவாள். எந்தச் சுருதியில், எந்தக் கட்டையில் பாடப்போகிறாள் என்பதற்கு அது அடையாளம். நாலு விரல் என்றால் நாலு கட்டை, அதாவது பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் நாலாவது. அவளுடைய பெயர்பெற்ற பாட்டான ‘ஒரு நாற்காலி காலி’க்கு எப்போதும் நாலு விரல்தான். அந்தப் பாட்டை அவளுக்காகவே எழுதிய, அவள் முன்பு பாடிய கிளப்பின் இசை மாஸ்டர், முதல் நாளே நாலு கட்டை என்று முடிவு செய்துவிட்டுப் போனார். மாஸ்டரும் போய்ச் சேர்ந்தார், கிளப்பும் துணிக்கடை ஆகிவிட்டது. நாலு கட்டை மட்டும் மாறவில்லை என்பது அவளுக்குப் பெருமை.

பெருமைப்பட வேறு அதிகம் இல்லை. அவள் காபரே பாட ஆரம்பித்தபோது, அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அம்மா “ஹோட்டல்ல வேலை” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். மகள் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சாவி கொடுக்கிறாள் என்று பாதித் தெரு நம்பியது. அம்மாவே தம்பியைத் துணைக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடப் பையோடு பியானோக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இசைக்குறிப்புத் தாள் புரட்டிக்கொண்டிருந்தவன், பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றுக்கொண்டான். அக்காவுக்குக் காவலாக வந்தவன் அக்காவின் பியானோக்காரன் ஆனான்.

பாட்டு அவள் குரலில் இசைத்தட்டில் வர வேண்டும் என்று மூன்று முறை முயற்சி நடந்தது. முதல் முறை, சொன்ன நாளில் போனால் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. இரண்டாம் முறை பதிவே ஆனது; பிறகுதான் தெரிந்தது, வேறொரு பாடகி கேட்டுப் பாடம் பண்ணுவதற்காக எடுத்த பதிவு அது என்று. மூன்றாம் முறை அவள் தொண்டையில் சிறு கட்டி வந்து கத்தி வைக்க வேண்டியதாயிற்று. அவள் குரல் எந்த இசைத்தட்டிலும் வரவில்லை. பாடி முடித்ததும் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தத்தில் அது கரைந்து போனதோடு சரி.

இப்போது நாலாவது முறை. பழைய கிளப் பாடகிகளின் பாட்டுகளை ஆளுக்கொன்றாகத் தொகுத்து வெளியிட ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. அதன் அரேஞ்சர், வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுகிறவர், ஒரு மாலை ஹோட்டலுக்கு வந்து முன்வரிசை மேசையில் உட்கார்ந்தார். மாணவனாக இருந்தபோது அவளைக் கிளப்பில் கேட்டவராம். அவள் ‘நாற்காலி’யை எடுக்கப் போன நேரம் பார்த்து மேனேஜர் மேடை ஓரம் வந்து நின்றார்.

“மேடம், ஜன்னலோர டேபிள்ல பொறந்த நாள். ஒரு வாழ்த்து பாடிருங்க.”

“இந்தப் பாட்டு முடியட்டுமே.”

“மெழுகுவத்தி கொளுத்தியாச்சு மேடம்.”

“நான் என்ன பாடகியா, இல்ல கேக்கோட வர்ற கத்தியா?”

“ரெண்டும்தான் மேடம்” என்றார் மேனேஜர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அவள் வாழ்த்துப் பாடினாள். பிறகு மேசைக்காரர்கள் இன்னொரு முறை கேட்டார்கள். அதற்குள் அரேஞ்சர் கடிகாரத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். போகிறபோது மேடையருகே வந்து, “நாற்காலியைக் கேக்க முடியாமப் போச்சும்மா. பரவாயில்ல, எனக்கு மனப்பாடம். என்ன கட்டை?” என்றார்.

“நாலு. அன்னிக்கும் நாலு, இன்னிக்கும் நாலு.”

பின்னால் பியானோ மூடி ‘டப்’ என்று விழுந்தது. தம்பி விரலை உதறிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் அவள் வீட்டுக்கு வந்தவன், உட்காராமலே, “எதுக்கும் அந்தக் கட்டையை ஒரு தடவை பாத்துக்கலாமாக்கா?” என்றான்.

“எதைப் பாக்கணும்?”

“இல்ல, பெரிய வாத்தியக் கோஷ்டி. சத்தம் ஜாஸ்தியா இருக்கும். கொஞ்சம் இறக்கி வெச்சுக்கிட்டா...”

“இறக்கியா?” அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். “அந்தக் கடற்கரை ஹோட்டல்காரி இறக்கி இறக்கிப் பாடினாளே, அவளை நான் என்ன கேட்டேன்னு ஞாபகம் இருக்கா?”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. எல்லோருக்கும் இருந்தது. “கட்டையை இறக்கிப் பாடுறதுக்கு வாயை மூடிக்கிட்டு வீட்ல இருக்கலாமே” என்று அந்தப் பெண்ணின் வாத்தியக்காரர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டு வந்தவள் அவள். அன்று தன் வாத்தியக்காரர்கள் ஏன் ஒருவர்கூடச் சிரிக்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. தம்பி, “சரிக்கா” என்று மெல்ல நழுவினான்.

சில நாட்களில் கம்பெனியிலிருந்து ஹோட்டலுக்குத் தொலைபேசி வந்தது. அரேஞ்சர்தான்.

“அம்மா, ரெண்டு கட்டைக்கு எழுதச் சொல்லி உங்க பக்கத்துலேர்ந்து யாரோ சொன்னாங்களே?”

“யாரோ சொன்னாங்களா? பாடப்போறது யாரோவா, நானா?”

“அப்ப நாலே எழுதிடறேன்.”

“எழுதுங்க. இனிமே யாரோ கூப்பிட்டா போனை வெச்சிடுங்க.”

இந்த ஊரில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய ஒருத்தருக்கும் தெரியாது என்று அவள் அன்று முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பதிவு நாளன்று காலையில் ஒத்திகை, மதியம் பதிவு. தம்பி வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். கம்பெனிக்குச் சொந்தப் பியானோக்காரர் இருந்ததால் அவனுக்கு அங்கே வேலை இல்லை. ஒட்டகத்துக்கு மட்டும் இருந்தது. நகரத்தில் நல்ல டபுள் பேஸ் ஆள் குறைவு, எல்லா இடத்துக்கும் அவர்தான் போவார். அறை முழுக்கச் சுவரில் தடித்த துணி. பதினொரு பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

முன்னிசை தொடங்கியது. சாக்ஸபோன்கள் மூன்றும் பெரிய மூச்சு விடுவதுபோல எழுந்து அடங்கின. அவள் பாட ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே ஏதோ சரியில்லை. பழகிய மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியையும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிட்டதுபோல, கால் வைக்கும் இடமெல்லாம் இடறியது. நடுப்பகுதியில் குரல் மெலிந்தது. கடைசி வரி, ‘யார் வந்தாலும் அது காலி’. அதில் ‘யார்’ என்ற சொல் ஒரே தாவலில் மேலே போய் நிற்க வேண்டும். அவள் தாவினாள். குரல் பாதி வழியில் உடைந்து, தகரத்தில் ஆணி இழுத்த சத்தம் வந்தது.

“காலையில தொண்டை இன்னும் முழிக்கல” என்றாள். “மறுபடி.”

மறுபடியும் அதே இடத்தில் அதேபோல் உடைந்தது.

அறையில் குளிர் அதிகம் என்றாள், ஏசியை நிறுத்தினார்கள். வேகம் ஜாஸ்தி என்றாள்; குறைத்தார்கள். மூன்றாம் முறையும் உடைந்தபோது அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“உங்க பியானோவுக்கு யாரு ஸ்ருதி சேர்த்தது? எகிறிக்கிட்டு நிக்குது. இது நாலு கட்டையே இல்ல.”

கம்பெனிப் பியானோக்காரர், மென்மையான மனிதர், நாலாவது கட்டையை அழுத்தினார். சாக்ஸபோன்காரர் அதையே ஊதினார். இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்தன.

“நாலுதாம்மா” என்றார் அரேஞ்சர்.

“நான் தினம் பாடுறது நாலு. எனக்குத் தெரியாதா? ஒட்டகம், நீங்க சொல்லுங்க. நாம வாசிக்கிறது இதுவா?”

ஒட்டகம் தன் வாத்தியத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கதவோரம் நின்ற தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

“அங்க என்ன பார்வை? வாயில என்ன, பூட்டா?”

“அக்கா... அது வந்து...” என்று இழுத்தார் ஒட்டகம். “உங்க நாலு கட்டை வேற, ஊர் நாலு கட்டை வேற.”

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அரேஞ்சர், “எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க” என்றார்.

தாழ்வாரத்தில் தம்பியைச் சுவரோடு நிறுத்திவிட்டாள்.

“எத்தனை?”

“ரெண்டு கட்டைக்கா.”

“நான் நாலு விரல் காட்டுறேன். நீ ரெண்டுல வாசிக்கிற.”

“ஆமா.”

“எப்பலேர்ந்து?”

அவன் பிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். “தொண்டையில கத்தி வெச்சுட்டு வந்தியே, அப்ப. டாக்டர் உன்னைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னாரு. நீ கேக்க மாட்டேன்னுட்ட. ஒரு வாரத்துக்குன்னுதான் மூணுக்கு இறக்கினேன். அன்னிக்கு நீ பாடிட்டு எறங்கி வந்து, ‘பாத்தியாடா, ஒண்ணும் ஆகல எனக்கு’ன்னு சொன்ன. உன் முகத்தைப் பாத்துட்டு எப்படிக்கா திரும்ப ஏத்துவேன்? அப்புறம் ரெண்டரை. அப்புறம் ரெண்டு.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம். அக்கா நாலு காட்டினா ரெண்டுன்னு.”

இதுதான் அவளைச் சுட்டது. குரல் இறங்கியதுகூட அப்புறம். தன் முதுகுக்குப் பின்னால் நீட்டிய விரல்களைப் பார்த்து இத்தனை பேரும் தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நேற்று வந்த டிரம்ஸ்காரன்கூட. கடற்கரை ஹோட்டல்காரியைத் திட்டியபோது அவர்கள் செருப்பைப் பார்த்ததற்கு இப்போதுதான் அவளுக்கு அர்த்தம் விளங்கியது.

“பாவம்னு நினைச்சிட்டியா என்னை?”

“இல்லக்கா...”

“இறங்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், ரெண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் என் குரலை நான் தேடிப் பிடிச்சிருப்பேன். என் தொண்டை எங்க இருக்குன்னு எனக்கே தெரியாம பண்ணிட்டியேடா. கம்பெனிக்கு போன் பண்ணின யாரோவும் நீதானா?”

“நான்தான். மறுபடி பண்ணினேன், வெச்சிட்டாங்க. நீதான் போனை வைக்கச் சொல்லிட்டியே.”

இந்தப் பதில் அவள் கோபத்தை இன்னும் கூட்டியது. “நீ போ. என் கண்ணு முன்னாடி நிக்காத” என்றாள். அவன் பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

அறைக்குத் திரும்பியபோது அரேஞ்சர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பதினொரு பேருக்கும் எழுதிய தாள்களைத் திரும்ப எழுத நேரமில்லை. நாளை முதல் அறை வேறு யாருக்கோ.

“கடைசி வரியை மட்டும் மேல போகாம, கீழயே முடிச்சிடுங்களேன்மா.”

“அந்த வரி மேல போறதுக்காகத்தான் மாஸ்டர் மத்த வரியெல்லாம் எழுதினாரு.”

“அப்படின்னா...” அவர் தயங்கினார். “காலையில உங்களுக்கு முன்னாடி இன்னொரு பாட்டு பாடின பொண்ணு கீழ இருக்கு. நாலு கட்டை அதுக்கு அநாயாசம். பாட்டு வீணாப் போகக் கூடாதேன்னுதான் கேக்கறேன்.”

நாலாவது முறையும் கைவிட்டுப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த முறை பாட்டையே எடுத்து அடுத்தவள் வாயில் வைக்கிறார்கள். அழுகை தொண்டை வரை வந்தது. அழுதால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்ற பழக்கமான பயத்தில் அதை அப்படியே விழுங்கினாள்.

“பியானோ இருக்கு. ஒட்டகம் இருக்காரு. ரெண்டு பேருக்கும் தாள் வேண்டாம். நான் பாடறேன்.”

“மத்த பாட்டெல்லாம் முழுக் கோஷ்டியோட இருக்கும். இது மட்டும் மொட்டையா நிக்குமேம்மா.”

“நிக்கட்டும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் அடுத்த பாட்டு. தொகுப்புல சேர்க்கறதைப் பத்தி நான் இப்ப வாக்குக் குடுக்க முடியாது.”

பதினொரு பேரில் ஒன்பது பேர் சாப்பிடப் போனார்கள். ஒட்டகம் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் நரம்பைச் சுண்டிப் பார்த்தார். “ரெண்டுலயே ஆரம்பிச்சிடலாமாக்கா? பழக்கமா இருக்கும்.”

“பழக்கம் பண்ணின லட்சணத்தைத்தான் பாத்தாச்சே. மூணுலேர்ந்து வாங்க. கடைசி வரி மட்டும்.”

மூணில் குரல் உடைந்தது. ரெண்டரையில் உடையவில்லை, ஆனால் நூல்போல இழுத்தது. ரெண்டு வந்ததும் உடம்பு தானாகத் தளர்ந்தது. சொந்தச் செருப்பில் கால் நுழைத்த மாதிரி. இதுதான், இத்தனை காலம் நாலு என்று நம்பியது. ‘யார்’ மேலே போய் நின்றது.

“அப்பாடா” என்றார் ஒட்டகம்.

தன் தாடை மேலே தூக்கியிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்த்தால் கயிறுபோல் இருந்தது. கொஞ்ச காலமாகவே அந்த இடத்தில் அப்படித்தான் பாடுகிறாள். உணர்ச்சி பொங்கி வருகிறது என்று கேட்பவர்கள் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“இன்னும் இறக்குங்க.”

“அக்கா?”

“காது கேக்கலையா? இறக்குங்க.”

ஒன்றரை. ஒன்று. ஒரு கட்டையில் ‘யார்’ என்று எடுத்தபோது குரல் மேலே போய், அங்கே நின்று, நிற்பதோடு விடாமல் அவள் சொன்னதைக் கேட்டது. பெரிதாக்கினாள், பெரிதானது. மெலிதாக்கினாள், மெலிதாகி உடையாமல் நின்றது. தாடை இருந்த இடத்தில் இருந்தது. கம்பெனிப் பியானோக்காரர் கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தார். அவளுக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். இது இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது, அவள் ஒரு மாடி மேலே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதிவு விளக்கு எரிந்தது. முதல் முறை பியானோக்காரர் கடைசி வரிக்கு முன்னால் அவள் மூச்சு வாங்குவதற்குள் ஓடிவிட்டார். தம்பி அந்த இடத்தில் எப்போதும் காத்திருப்பான் என்பது நினைவுக்கு வந்து அவள் பல்லைக் கடித்தாள். இரண்டாம் முறை நடுவில் ஓரிடம் சற்று அவசரமாகப் போனது, மற்றபடி நன்றாக வந்தது. கடைசி வரி அவள் வாழ்நாளில் பாடியதிலேயே நன்றாக வந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவை” என்றாள்.

“நேரம் இல்லம்மா.” சாப்பிட்டவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள்.

“அந்த நடுப்பகுதி ஓடிடுச்சு.”

“யாரும் கவனிக்க மாட்டாங்க.”

“நான் கவனிப்பேன்.”

அரேஞ்சர் கையை விரித்தார். பதிவான நாடாவை ஓர் உறையில் போட்டார். “கேட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். சேர்ப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். அவள் சற்றுத் தள்ளி நின்றாள். அவளேதான் பிளாஸ்க்கைத் தூக்கி வந்திருந்தாள். வெகுநேரம் பேருந்து வரவில்லை.

“எப்படிக்கா வந்துச்சு?”

“ஒரு கட்டையில.”

அவன் மனதுக்குள் பியானோவைத் தொட்டுப் பார்ப்பதுபோல் விரல்களை அசைத்தான். “ஒண்ணா?”

“ஒண்ணு. ரெண்டுல வெச்சு என் கழுத்தை நெரிச்சிருக்க. இறக்கறதுன்னு ஆயிடுச்சு, ஒழுங்கா இறக்கக் கூடாதா? திருட்டுத்தனத்தைக்கூட அரைகுறையாத்தான் செய்வியா?”

“நீ சிரமப்படறது தெரிஞ்சுதுக்கா. ஆனா ரெண்டுக்குக் கீழ கை போகல.” அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். “ஒண்ணுக்கு இறக்கினா, உன் குரல் போயிடுச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“போகல. நீ அந்தப் பக்கம் வரவே இல்ல, அவ்வளவுதான்.” அவள் பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சந்தேகம் வந்து திரும்பினாள். “நாற்காலி மட்டும்தானே இப்படி?”

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

“டேய்.”

“எல்லாப் பாட்டும்தான்க்கா.”

பேருந்து வந்தது. ஏறப்போனவள் படியில் நின்று, “நாளைக்கு மத்தியானம் ஹோட்டலுக்கு வந்துடு. மேனேஜர் வர்றதுக்கு முன்னாடி. முதல் பாட்டிலேர்ந்து ஒவ்வொண்ணா உக்காந்து பாக்கணும்” என்றாள். “ஒட்டகத்தையும் வரச் சொல்லு. அந்த டிரம்ஸ்காரன் வேண்டாம்.”

“நானும் இதே பஸ்தான்க்கா.”

“அடுத்ததுல வா.”

உள்ளே உட்கார இடமில்லை. ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் மேல்கம்பியுமாக நின்றாள். வழக்கமாக மாலையில் முதலில் எடுக்கும் பாட்டை வாய்க்குள் முனக ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே கழுத்து இறுகியது. நிறுத்தி, கொஞ்சம் இறக்கி எடுத்தாள். அதுவும் உயரமாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் திரும்பி, எரிச்சலோடு அவளைப் பார்த்தார். அவள் அவரைவிட எரிச்சலோடு திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.